புகையாக நடித்தவள்

என் அன்பு மகளுக்கு, அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்ல தூக்கம் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இந்தப் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுக்குத்தான் சரியில்லை, அதுவும் எனக்கு மட்டும்தான். உன் அப்பாவுக்கு மனசு என்று ஒன்று இருப்பதே டிவி ரிமோட்டைக் காணோம் என்றால்தான் வெளியே தெரியும். போனிலேயே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், நீ நடுவில் புகுந்து சரிம்மா சரிம்மா என்பாய், நானும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம். வேலைக்கு நடுவே மேய்ந்துவிட்டு மூடி வைக்காதே, உட்கார்ந்து முழுசாகப் படி.

எங்கள் சுற்றுச்சூழல் அமைப்பின் அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் பள்ளிக்கூட நாடகத்தைப் பற்றிப் பேசப்போகிறேன், வீடியோவும் அதோடு ஒரு பக்க விவரமும் அனுப்பும்மா என்று கேட்டிருந்தாய் அல்லவா, வீடியோவை அப்பா அனுப்பிவிட்டார், விவரம் இதுதான், ஒரு பக்கத்தில் அடங்காது. இந்த நாடக யோசனையே நீ கொடுத்ததுதான். வெயில் ஏறுவதையும் மழை தப்பிப்போவதையும் கணக்குப் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடும், கதையாகச் சொல்லு, அவர்களையே நடிக்க விடு என்றாய். இத்தனை வருஷமாக அறிவியல் நடத்துகிறவளுக்கு இவள் பாடம் எடுக்கிறாளே என்று எனக்கு முதலில் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் செய்து பார்த்தால் நீ சொன்னதுதான் சரி. கரி, வாயு என்று கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடுகிற கூட்டம், காற்றம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று ஆரம்பித்ததும் பெஞ்சை விட்டு எழுந்து ஓடி வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாரும் வட்டமாக உட்காருவோம், வரும் வழியில் கண்ணால் பார்த்தது ஒன்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும், அதில் நல்லது எதுவோ அது நாடகத்துக்குள் போகும். இப்படித்தான் வசனம் முழுக்கச் சேர்ந்தது. நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

வீடியோவில் கறுப்புக் குடைத் துணியைப் போர்த்திக்கொண்டு ஆட்டமாக ஆடுகிறாளே ஒருத்தி, புகையாக வருகிறவள், அவளைத்தான் நாங்கள் வாயாடி என்று கூப்பிடுவோம். ஆறாம் வகுப்பு. அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டால் பூட்டும் சேர்ந்து பேசும். அவள் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் பள்ளிக்குப் பின்னால் இருந்த செங்கல் சூளையில் வேலை, அப்பா அடுப்புக்கு எரிபொருள் போடுகிறவர், அம்மா இன்னும் சுடாத பச்சைக் கல்லை அடுக்குகிறவள், சூளைக்குள்ளேயே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அந்தச் சூளைப் புகையை நீயும் மறந்திருக்க மாட்டாய், பெஞ்சில் விரலை வைத்தால் மை தொட்டது மாதிரி ஒட்டும், ஜன்னலைத் திறக்கவே முடியாது. ஒருநாள் வட்டத்தில் வாயாடி தன் முறை வந்ததும், எங்கப்பா டயர் எல்லாத்தையும் இருட்டினப்புறம்தான் அடுப்புல போடுவாரு, பகல்ல போட்டா புகை கறுப்பாத் தெரிஞ்சிடும்ல என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. நான் கைதட்டி, அடடா, இந்த வரி அப்படியே நாடகத்தில் இருக்கட்டும் என்றேன். மேடையில் அவள் துணியை உதறி, நான் இருட்டினப்புறம்தான் வருவேன், அப்பதான் யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டேன், டயர்னா எனக்கு உசுரு என்று சொல்கிறாளே, அது அப்படி வந்ததுதான். நல்ல வரி என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அந்த வரிக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று தோன்றவே இல்லை. ஒத்திகைக்கு ஒத்திகை வேறு, நீங்க எவ்வளவு நல்லா நடிக்கிறீங்களோ அந்த அளவுக்கு ஊர் மாறும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகளுக்கு உற்சாகம் வரட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஆண்டு விழாவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தோம். வழக்கமாக இந்த மாதிரி ஆட்கள் பாதியில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், இந்த மனிதர் கடைசிவரை உட்கார்ந்தார். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே ஒரு ஜீப் சூளைக்குப் போனது, அதுவும் சாயங்காலம் இருட்டின பிறகு. கையும் களவுமாகப் பிடித்துச் சீல் வைத்துவிட்டார்கள். அந்த அதிகாரி அநியாயம் ஒன்றும் செய்யவில்லை, டயரை நிறுத்து, புதுமாதிரிப் புகைபோக்கி கட்டு, திறந்துகொள் என்றுதான் சொல்லியிருக்கிறார். முதலாளி கட்டவில்லை. கேட்க ஆள் இல்லாத வேறு ஊரில் இடம் பார்த்துவிட்டார். இங்கே புகை நின்றது. அப்பாவுக்கு இளைப்பு குறைந்துவிட்டது, மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறிவிட்டு என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்கிறார். வகுப்பில் ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. இருமிக்கொண்டே இருக்குமே ஒரு பிள்ளை, அது இப்போது பாட்டு பாடுகிறது. இதையெல்லாம் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன், உன் கூட்டத்தில் தாராளமாகச் சொல்லு.

ஆனால் சூளையில் இருந்த குடும்பங்கள் இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தன. வாயாடி பள்ளிக்கு வந்தாள், வகுப்பில் இருந்தாள், பேசவில்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவள் அப்பாகூட. மேடையில் அவள் சொன்ன வரிதான் ஜீப்பைக் கூட்டிவந்தது என்று தெரிந்தும் எதுவும் சொல்லாமல் இருந்தார், அதுதான் அவளுக்கு இன்னும் பாரமாகிவிட்டது என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் வட்டத்தில் உட்கார்ந்து, வழியில் என்ன பார்த்தீங்க என்று கேட்டால், காக்கா பார்த்தேன் டீச்சர், மேகம் பார்த்தேன் டீச்சர் என்கிறார்கள். ஒரு பையனுடைய அப்பா புகை கக்கும் பழைய டீசல் வண்டி ஓட்டுகிறவர், அவன் என் முகத்தைப் பார்த்து, நான் எதையுமே பாக்கலை டீச்சர் என்றான். இத்தனை சின்னப் பிள்ளைகள் வாயை எப்போது மூட வேண்டும் என்று என்னிடம் கற்றுக்கொண்டுவிட்டன. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமையல்கூடச் செய்யவில்லை, உன் அப்பா தானே ஏதோ கிண்டி எனக்கும் ஒரு தட்டில் வைத்தார், வாயில் வைக்க முடியவில்லை, அதற்குக் காரணம் துக்கம் மட்டும் இல்லை.

போன வாரம் அவர்கள் கிளம்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு மதிய இடைவேளையில் ஓடினேன். முதலாளி அனுப்பிய லாரியில் பாத்திரம், பாய், மண்வெட்டி எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. வாயாடியின் அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கவிழ்த்து வைத்த வாளியைத் துடைத்து, உக்காருங்க டீச்சர் என்றாள். அப்புறம், அன்னைக்கு எல்லாரும் கைதட்டினப்போ நானும் தட்டினேன் டீச்சர், நம்ம பொண்ணா இவ்வளவு பேரு முன்னாடி பேசுதுன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு, அது என்ன பேசுதுன்னு எனக்குக் காதுலயே விழலை என்றாள். புது இடத்திலும் சூளை வேலைதான், அதே டயர்தான், பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று கேட்டேன், போனாத்தான் தெரியும் என்றாள். லாரியில் ஏறுவதற்கு முன்னால் வாயாடி என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் நல்லா நடிச்சதாலதான் மூடிட்டாங்களா டீச்சர், கொஞ்சம் மோசமா நடிச்சிருந்தா நாங்க இங்கேயே இருந்திருப்போமா என்று கேட்டாள். எந்தக் கேள்விக்கும் வகுப்பில் டக்கென்று பதில் சொல்கிறவள் உன் அம்மா. அன்றைக்கு அவள் சட்டையில் கழன்றிருந்த பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டு நின்றேன். லாரி போய்விட்டது.

அதனால் கண்ணு, நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். அவர்கள் போன ஊரின் பெயரை அப்பா போனில் அனுப்புவார். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு ஊரெல்லாம் ஆள் உண்டு என்பாயே, அந்தப் பக்கம் யாராவது இருந்தால் சூளைக்குப் போய் அவளைத் தேடிப்பார்த்து, முதலில் ஒரு பள்ளியில் சேர்க்கச் சொல்லு. கூட்டத்தில் வீடியோவைப் போடு, அவர்களும் கைதட்டுவார்கள், தட்டட்டும், அந்தப் பிள்ளைக்கு அது தகும். தட்டி முடித்ததும் இந்தக் கடிதத்தையும் வாசி, எனக்கு வெட்கமாக இருக்குமே என்று பார்க்காதே. அவளைக் கண்டுபிடிப்பவர் யாராக இருந்தாலும், நான் வாயடைத்து நின்ற கேள்விக்கு என் சார்பில் பதில் சொல்லச் சொல்லு. நீ நடித்ததில் ஒரு குறையும் இல்லை பாப்பா, கைதட்டி முடித்ததும் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது பெரியவர்கள்தான், அதில் உன் டீச்சரும் ஒருத்தி என்று சொல்லச் சொல்லு.

ராத்திரி வெகுநேரம் விழித்திருக்காதே, அந்த ஊர்க் குளிருக்கு வாங்கின காலணியை மறக்காமல் போடு. எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூடி, நோய்நொடி இல்லாமல், நாலு பேருக்கு நல்லது செய்து நீ நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். பள்ளி விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதே, அவள் படிப்பு ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா