பாலத்துக்கு முன்னால் இடதுபக்கம்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. போன வாரம் பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா உங்கள் முழங்கால் வலி, அதற்கு டாக்டர் சொன்னது, அதில் நீங்கள் கேட்காதது எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுப் போனாள். நீங்கள் புத்தகம் போட்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் ரொட்டிக் கடைக்குள் ஒரு கணவனும் மனைவியும் தலைக்கவசத்தோடு நுழைந்தார்கள். வெளியே இரண்டு சைக்கிள்கள். "நாங்க இந்த ஊருக்கே வந்திருக்கக் கூடாதுங்க, வழி தப்பிட்டோம்" என்று அந்த மனிதர் மேசை மேல் ஒரு புத்தகத்தை வைத்தார். 'மெல்லப் போகும் பாதைகள்: சைக்கிளில் வயல்வெளிகளும் வரலாற்றுச் சிற்றூர்களும்.' அட்டையில் உங்கள் பெயர். மாவுக் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் எடுத்துப் புரட்டினேன். அவர்களுடைய புத்தகத்தில் என் விரல் தடம் ஐந்தும் பதிந்துவிட்டது.

ஏழு பாதைகள் எழுதியிருக்கிறீர்கள். ஏழும் உங்கள் வாசலில் கிளம்புகின்றன. ஒன்று கால்வாய்க் கரையில் வருகிறது, ஒன்று பழைய தண்டவாளத்தை ஒட்டி, ஒன்று சரிவுகளில் இறங்கி. கடைசியில் எல்லாமே எங்கள் ஊர்ப் பாலத்துக்கு வந்து சேர்கின்றன. உடனே ஏழிலும் ஒரே வரி: 'பாலத்துக்கு முன்னால் இடதுபக்கம் திரும்பவும்.' இடதுபக்கம் என்னப்பா இருக்கிறது? உரக் கிடங்கு இருக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் முந்நூறு வருஷத்துக் கோட்டை வாசல், மணிக்கூண்டு, கல் பாவிய கடைத்தெரு. அந்தத் தெருவில் நான்.

பூக்கடை அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பாவுக்கு எங்க ஊரு மேல என்னம்மா கோவம்?" என்கிறார். கல்யாணத்துக்கும் நீங்கள் வரவில்லை, அதன்பிறகு ஆறு வருஷத்தில் ஒரு தடவையும் வரவில்லை, நானும் ஏன் என்று கேட்டதில்லை. இப்போதும் புத்தகத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

உங்கள்
வாலு

மார்ச் 11

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்ததும் மாவு கொட்டியது. இன்னும் கை கழுவாமல்தான் எழுதுகிறாய்.

காரணம் கேட்டிருக்கிறாய். கல் பாவிய தெருவில் மெல்லிய டயர் வைத்த சைக்கிள் என்ன பாடுபடும் என்று உனக்குத் தெரியாததல்ல. பத்து வயதிலிருந்து என் கடையில் பஞ்சர் ஒட்டியவள் நீ. பாலத்தின் மேல் எதிர்காற்று வேறு. கடைத்தெருவில் கூட்டம் என்றும் கேள்வி. குடும்பத்தோடு வருகிறவர்களை அதில் கொண்டுபோய் மாட்டிவிடுவது நியாயமில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், என் சக்கரம் உருளாத பாதையை நான் எழுதுவதில்லை. போக ஒரு தரம், வர ஒரு தரம், அதே சைக்கிளில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஒரு வரி எழுதுவேன். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த வீட்டு நாய் துரத்தும் என்பதுவரை அப்படித்தான். உன் ஊரை நான் ஓட்டிப் பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை. அவ்வளவுதான் விஷயம். பதிப்பாளரும் இதையே கேட்டுக் குடைகிறார். புத்தகம் தீர்ந்துவிட்டதாம், இரண்டாம் பதிப்புக்கு ஏப்ரல் கடைசிக்குள் திருத்தம் வேண்டுமாம். அந்த ஊரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாவு மூட்டையை நீ தனியாகத் தூக்குகிறாய் என்று அம்மா சொன்னாள். தூக்காதே. உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

ஓட்டிப் பார்க்காத ஊரில் காற்று எதிர்க்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? மாட்டிக்கொண்டீர்கள்.

உங்களை நம்பினால் ஆகாது என்று நானே ஓட்டிப் பார்த்துவிட்டேன். குறிப்புகள் கீழே. உங்கள் பாணியிலேயே எழுத முயன்றிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

'ரொட்டிக் கடை வாசலில் கிளம்பி கொஞ்ச தூரம் கல் தெரு. பல் ஆடும், விழாது. மணிக்கூண்டு பத்து நிமிடம் பிந்திக் காட்டும், நம்ப வேண்டாம். கோட்டை வாசலில் உயரமானவர்கள் குனியவும். அதன் பிறகு வழவழப்பான இறக்கம், மிதிக்கவே வேண்டாம். தையற்காரர் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர், கேட்டால் டம்ளரும் தருவார். நான்கு நிமிடத்தில் பாலம்.'

கூட வந்து வழிகாட்டியது யார் தெரியுமா? உங்கள் மருமகன். போன வருஷம்தான் சைக்கிள் கற்றுக்கொண்டார், முப்பத்தெட்டு வயதில். சந்தை நடுவில் தக்காளிக் கூடை மேல் விழுந்ததை ஊரே பார்த்தது. "எதுக்கு இப்ப இந்த வேலை உங்களுக்கு?" என்று கேட்டேன். "மாமா என்னிக்காவது வந்தா கூடப் போக வேணாமா?" என்றார்.

இதை எழுதியபிறகு மற்றதையும் எழுதிவிடுகிறேன். கல்யாணம் பேச அவர்கள் வந்தபோது, எல்லோர் முன்னாலும் "சைக்கிள் விடத் தெரியாத ஆளுக்கா என் பொண்ணு?" என்று சிரித்தீர்கள். அவருடைய அம்மாவின் முகம் சுருங்கிப்போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் மருமகன் அன்றைக்கே மறந்துவிட்டார். நான்தான் வெகுநாள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது எனக்குக் கோபமில்லை, அப்பா. உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். டயர், காற்று என்று சுற்றி வளைக்காதீர்கள்.

வாலு

மார்ச் 30

அன்பு மகளுக்கு,

முதலில் உன் குறிப்புகள். 'கொஞ்ச தூரம்' என்று எழுதக் கூடாது, அது ஆளுக்கு ஆள் மாறும். நான்கு நிமிடம் என்பது உன் காலுக்கு, அறுபது வயதுக்காரனுக்கு ஏழு. தண்ணீர்க் குழாய் எந்தக் கைப்பக்கம் என்று சொல்லவில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறது. பல் ஆடும், விழாது என்பதை நான் எழுதியிருக்க மாட்டேன், ஆனால் வெட்டவும் மனம் வரவில்லை.

இனி நீ கேட்டது. மூன்று தாள் எழுதிக் கிழித்தேன், இது நான்காவது.

அவர்கள் வந்துபோன மறுநாள் நீ கடைக்கு வந்தாய். நான் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வராமல் வாசலில் நின்றபடி சொன்னாய்: "இனிமே கல்யாணத்துக்குக்கூட அந்தப் பாலத்தைத் தாண்டி வராதீங்கப்பா. வந்தாலும் நான் வெளியே வரமாட்டேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நான் செய்த காரியத்துக்கு அது அதிகமில்லை.

ஆனாலும் மாப்பிள்ளை ஊரில் நடந்த உன் கல்யாணத்தன்று கிளம்பினேன். உன்னையும் அம்மாவையும் முன்னால் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, புதுச் சட்டையை மடித்துக் கேரியரில் வைத்துக்கொண்டு, கால்வாய்க் கரை வழியாகப் பாலம் வரைக்கும் வந்தேன். அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டது. வெகுநேரம் நின்றேன். வந்து, நீ சொன்னபடியே வெளியே வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. இடதுபக்கம் திரும்பி, உரக் கிடங்கைச் சுற்றி வீடு வந்துவிட்டேன். வழியில் பஞ்சர் என்று அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருஷம் பஞ்சர் ஒட்டியவன் சொல்கிற பொய்யா அது?

அடுத்த வருஷம் தண்டவாளத்தை ஒட்டி வந்தேன். வேறு வழியில் வந்தால் தைரியம் வரும் என்று ஒரு நினைப்பு. நீ கடை திறந்த அன்று சரிவுகள் வழியாக வந்தேன். உனக்கு டைஃபாய்டு வந்தபோது மழையில் வந்தேன். இப்படி ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் பாலம், இடதுபக்கம், கிடங்கு, வீடு. நோட்டில் குறித்துவைப்பது என் கைக்குப் பழக்கம், குறித்துக்கொண்டே வந்தேன். டியூப் மாற்ற வந்த பதிப்பாளர் கல்லாவின் மேல் கிடந்த நோட்டைப் பார்த்தார். அதுதான் புத்தகம். ஊர் உலகம் சுற்றுலாவுக்குக் கொண்டுபோகிறது.

எனக்குக் கோபமில்லை அம்மா. உன்னிடம் எனக்கு என்றைக்குமே கோபம் இருந்ததில்லை. மாப்பிள்ளை கீழே விழுந்ததில் அடி ஒன்றும் பலமில்லையே?

அப்பா

ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அன்றைக்குச் சுட்ட ரொட்டி முழுவதும் வீண். "என்ன ஆச்சு?" என்று அவர் ஓடி வந்தார். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, அவர் முதல் வேலையாகக் கடைக் கதவைச் சாத்தினார்.

நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை, அப்பா. உண்மையாகவே நினைவில்லை. நீங்கள் சொன்னது மட்டும் ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது, நான் சொன்னது சுத்தமாக மறந்துபோயிருக்கிறது. ஆறு வருஷமாக அப்பா ஏன் வரவில்லை என்று உங்கள் மேல் குறைப்பட்டுக்கொண்டு, இங்கே மாவு பிசைந்துகொண்டிருந்திருக்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட, பார்க்க வரவில்லையே என்று அம்மாவிடம் அழுதேன். நீங்கள் அப்போது மழையில் பாலத்தடியில் நின்றிருக்கிறீர்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிற வயதில்லை அது, இருபத்தாறு வயது எனக்கு. நான் சொல்லி நீங்கள் கேட்ட ஒரே விஷயம் அதுவாகவா இருக்க வேண்டும்? மருந்து சாப்பிடுங்கள் என்றால் கேட்கிறீர்களா?

எங்கள் ஊரைப் புத்தகத்தில் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். பூக்கடை அம்மாளுக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை பத்து மணிக்கே மூடிவிடுவோம். உங்களுக்குப் பிடித்த வழியாக, முழங்காலைப் படுத்தாமல், மெதுவாக வாருங்கள். நீங்கள் எப்போதும்போலப் பாலம் வரைக்கும் வந்தால் போதும், அப்பா. பாலத்தை நான் தாண்டி வருகிறேன்.

உங்கள்
வாலு