நம்பகக் குறைவு

செவ்வாய் மனநல ஆய்வு நிலையம்
நாள் 211, 09:00

காற்றழுத்தம் இயல்பு. இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் அறவாழி, நிலையத்தின் சட்ட அலுவலர். உடனிருப்போர் இருவர். இயக்குநர் செம்பியன், உளவியலாளர். பொறியாளர் பூங்கோதை, ஆட்டிசம் உடையவர், என் தங்கை. இவ்வுறவை நியமனத்தின்போதே எழுத்தில் அறிவித்துள்ளேன்.

அவசரக் கதவுகள் இயக்குநர் வடிவமைத்த மனமானிக்குக் கட்டுப்பட்டவை. பேசுபவரின் குரலையும் முகத்தையும் அளந்து, நம்பினால் மட்டுமே அது கதவைத் திறக்கும்.

நாள் 212, 11:20

கிழக்குச் சுரங்கவழியில் காற்று வெளியேறாமல் காக்கும் அடைப்பு விரிசல் விடுவதாகப் பூங்கோதை அறிவித்தாள். சுவரைப் பார்த்தபடி, ஏற்ற இறக்கமின்றிச் சொன்னாள். மனமானி: நம்பகக் குறைவு.

இயக்குநர் சிரித்தார். "ஏம்மா, உயிர் போற விஷயத்தை ரேஷன் கடை அறிவிப்பு மாதிரியா சொல்லுவாங்க?"

மனநல மதிப்பீடு முடியும்வரை அவளை மேற்கு அறையில் தனித்திருக்கப் பணித்தார். நான் மறுப்புரை அளித்தேன். ஆட்டிசம் உடையோர்க்கும் மற்றவர்க்கும் இடையிலான புரியாமை இரு தரப்புக்கும் பொதுவென்றும், முன்னவர் தமக்குள் தெளிவாகவே புரிந்துகொள்கின்றனர் என்றும் கூறும் ஆய்வுகளை இணைத்தேன். அவற்றை அவர் புது நாகரிகப் பேச்சு என்று ஒதுக்கினார்.

நாள் 214, 15:05

அடைப்பு உடைந்தது. இயக்குநர் அப்போது சுரங்கவழியில், கவச உடையில் இருந்தார். சுரங்கவழிக்கும் நிலையத்துக்கும் இடையிலான உட்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

"அறவாழி, கதவைத் திறங்க. காத்து குறையுது."

அச்சத்தில் அவர் குரல் உலர்ந்து தட்டையாகியிருந்தது. மனமானி: நம்பகக் குறைவு.

இந்நிலையில் சட்ட அலுவலர் வாய்மொழியாக ஒப்புதல் தரலாம். விதி இயக்குநர் எழுதியது. "தரலாம்" என்றே எழுதியுள்ளார். "தர வேண்டும்" என்றல்ல.

நான் சொன்னது பதிவில் உள்ளது: "சார், காமிராவைப் பாத்து, கொஞ்சம் உணர்ச்சியோட சொல்லுங்க."

நாள் 214, 15:19

அவர் கெஞ்சுகிறார். கேட்டுக்கொண்டிருக்கிறேன். வருந்துவதாகப் பதிவு செய்தால் அது பொய்யாகும்.

நாள் 214, 15:31

பூங்கோதை மேற்கு அறையின் வானொலித் தொடர்பில் கேட்டுவிட்டாள். கதவு ஏன் திறக்கவில்லை என்றாள். விதியை விளக்கினேன்.

"அண்ணா, காத்து இல்லைன்னு சொல்றாரு. இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

கவசம் அணிந்து, மனமானிக்குக் கட்டுப்படாத மேற்கு வெளிவாயில் வழியாகப் போய்விட்டாள்.

நாள் 214, 15:52

வெளியே சுற்றிச் சென்று, உடைந்த அடைப்பின் வழியே அவரை அடைந்தாள். தன் உருளைக் காற்றை அவரோடு பகிர்கிறாள். சுற்றித் திரும்பி வர இருவருக்கும் போதாது. அவரை விட்டுத் தனியே வர மறுக்கிறாள்.

ஒப்புதல் அளித்தேன். கதவு திறக்கவில்லை.

மனமானி என் குரலையும் அளக்கிறது. நீதிமன்றத்தில் பழகிய குரல், நடுங்கத் தெரியாதது. நம்பகக் குறைவு. இயக்குநரின் உறுதிமொழி தேவை என்கிறது. அவர் நினைவிழந்துவிட்டார்.

15:58

கத்தினேன். நடிப்பு என்று குறித்தது.

அழுதேன். அதையும்.

16:03

"அண்ணா, நீ நிஜமாத்தான் திறக்கச் சொல்றே. எனக்குத் தெரியுது."

16:04

கதவை உடைத்தால் இங்குள்ள காற்றும் போகும். அறிவேன். கவசம் அணிந்துவிட்டேன். மேசைக் காலைக் கழற்றியாயிற்று. இனி எழுத இயலாது, நெம்புவதற்கு இரண்டு கையும்