கரடிக்குத் தனி அறை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

எங்க ஓட்டல் சலவைக்கூடத்துல இங்கிலீஷ் பேசச் சொல்லித்தர்றாங்க. குழந்தைங்க படக்கதைப் புத்தகம்தான் பாடம். படத்தைப் பார்த்துத் தோணினதைப் பேசணும். எனக்கு வந்த படத்துல ஒரு கரடி கட்டில்ல தூங்குது.

"கரடிக்குத் தனி அறை. எங்க அறையில ஆறு பேர். என் கட்டில் மேல கூரை ஒழுகுது, சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்"னு இங்கிலீஷ்ல தடுமாறாம சொல்லிட்டேன். டீச்சர் கைதட்டினாங்க. பின்னாடி உட்கார்ந்திருந்த மேனேஜரும் தட்டி, "உச்சரிப்பு பிரமாதம்"னார். அதோட சரி.

கவலைப்படாதீங்க, கட்டிலை நகர்த்திட்டேன். பழைய போர்வை ஒண்ணு அனுப்புங்க. மணி அடிச்சுட்டாங்க, போகணும். பதில்ல அந்த மேனேஜரை நாலு வார்த்தை நல்லாத் திட்டி எழுதுங்கப்பா. நான் சொன்னதைக் கேட்டு ஒருத்தருக்காவது கோபம் வரணும்.

உங்க பொண்ணு