மேக்கணக்கிலிருந்து சந்திரனுக்கு

ஜனவரி 3, ஞாயிறு

பனி. வாளித் தண்ணீரில் கை வைத்தால் குளிர் எலும்பு வரை ஏறுகிறது. தொட்டில் சேலை அத்தனையும் துவைத்துப் போட்டேன். வெயிலே வரவில்லை. ஒன்றும் காயவில்லை.

வேலை நாளென்றால் பிள்ளைக் காம்பராவில் காது செவிடாகும். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் பிள்ளைகள் எல்லாம் என் தலையில்தான். பேச வராததுகூட என்னை ‘ம்மா’ என்னும். சாயந்தரம் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அந்த நீள அறையில் உத்தரத்தில் தொங்கும் தொட்டில்களும் நானும். ஞாயிறு அதைவிட மோசம். காலையிலிருந்தே அப்படி.

மாணிக்கம் கிளாக்கர் வந்தார். “ஆயம்மா, பொங்கலுக்கு நாடகம் போடுறோம். ஒத்திகைக்குக் காம்பரா சாவி வேணும்.”

எனக்கு இருபத்தொன்பது. அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆயம்மாவாம். மரகதம் என்று ஒரு பெயர் இருப்பதே இந்தத் தோட்டத்தில் ஒருவரைத் தவிர எவருக்கும் ஞாபகமில்லை.

நாடகம், சந்திரனுக்குப் போகும் கப்பலைப் பற்றி. வழியில் இயந்திரம் பழுதாகிவிடும், திரும்ப முடியாது. மூன்று பேர்:
தலைவன் – கிளாக்கர். எழுதியவரும் அவரே, பிறகு வேறு யார்?
இயந்திரக்காரன் – லொறி டிரைவர் சுப்பையா.
ஊர் நினைப்பில் ஏங்கிப் போகிறவன் – பேக்டரியில் தேயிலை காய வைக்கும் கந்தசாமி.
திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க – நான்.

ருசியாவில் ஒரு பெண்ணே போய்வந்து விட்டாளே, ஒரு பெண் வேடம் வைத்தால் என்ன என்று கேட்டேன். “ருசியாவுல போகலாம். நோர்வூட்ல போக முடியாது ஆயம்மா” என்றார். சரிதான்.

கந்தசாமியை இனி க. என்றே எழுதுவேன். எவராவது எடுத்துப் படித்தால் கங்காணி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 5, செவ்வாய்

காலையில் தூறல். கீழ் லயத்து வரிசை வீட்டுப் பயல் மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டான். மிளகுப் பொடியைக் காட்டித் தும்ம வைத்தேன். பட்டாணி வந்தது. மிளகு என் கண்ணில்.

பிள்ளைகள் போனபின் ஒத்திகை. தேயிலைப் பெட்டிப் பலகையால் கப்பல். பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைச் சுற்றித் தலைக்கவசம். நன்றாகத்தான் மின்னுகிறது. ஆகாயத்தில் உடம்பு பாரமில்லாமல் மிதக்குமாம், அதற்கு என்ன செய்வது என்று யோசித்தார்கள். தொட்டிலில் ஏறி உட்காருங்கள் என்றேன். மூன்று ஆம்பிளைகளும் காலை மடக்கித் தொட்டிலில் ஆடினார்கள். சுப்பையா தொட்டில் கிழிந்து பொத்தென்று விழுந்தார். “ஐயோ, என் சேலை!” என்று கத்தினேன். “உங்க சேலையா பெருசு? என் இடுப்பு போச்சு!” வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று.

மற்றவர்கள் போனபின் க. தொட்டிலைத் திரும்பக் கட்டித் தந்தார். அவர் அம்மா இப்போதே சாமான் கட்டத் தொடங்கிவிட்டாராம். போன ஐப்பசியில் இலங்கை, இந்தியா இரண்டு பிரதமர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து லயத்தில் இதே பேச்சு. இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இங்கே. யார் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. க.வின் அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கத் தயாரில்லை. துறையூர் பக்கம் மேட்டுப்பட்டியில் அவர் தம்பி இருக்கிறார். பொங்கல் முடிந்ததும் கண்டியில் இருக்கும் இந்தியா ஆபீசுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடு என்று அம்மா நிற்கிறாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பொங்கல் முடியட்டும்னேன், மரகதம்.”

முடிச்சு நன்றாகப் போடுகிறார்.

ஜனவரி 7, வியாழன்

பிள்ளைகளுக்கான பால்மாவு டின் தீர்ந்தது. ஆபீசில் கேட்க வேண்டும். பல் வலி.

இன்று சண்டை. ஒரு சின்ன இடம், அதிலிருந்து வந்தது. கப்பல் தவித்து நிற்கிறது. க. வட்ட ஓட்டை வழியாகப் பூமியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: “அதோ, அந்தப் பச்சைப் பொட்டு. அதுதான் என் ஊர்.” அதற்கப்புறம் ஊர்ப் பெயர். கிளாக்கர் அந்த இடத்தை எழுதாமல் விட்டிருந்தார். என்ன பெயர் சொல்ல என்று க. கேட்டார்.

“இதென்ன கேள்வி? மேக்கணக்கு” என்றார் கிளாக்கர். எங்கள் தோட்டத்து மேல்பிரிவுக்கு அதுதான் பெயர். நாங்கள் எல்லாரும் பிறந்தது இங்கேதான்.

சுப்பையா தலைக்கவசத்தைக் கழற்றினார். “மேக்கணக்கு ஒரு ஊராய்யா? உன் ஊரு எதுன்னு கேட்டா எவனாச்சும் லயத்து நம்பரச் சொல்லுவானா? மேட்டுப்பட்டின்னு சொல்லு கந்தசாமி.”

அதுவும் உண்மைதான். இந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முசிறி, நாமக்கல், துறையூர் என்றுதான் சொல்லும். ஒன்றும் கண்ணால் பார்த்திருக்காது.

“தோட்டத்துத் துரை முன்வரிசையில உக்காந்திருப்பாரு” என்றார் கிளாக்கர். “அவரு முன்னால இந்தியாவுல இருக்கிற ஊரச் சொன்னா, இதுக போகத்தான் நிக்குதுகன்னு மேலிடத்துக்கு எழுதிற மாட்டாரா?”

“எழுதட்டும். நான் போறேன். இங்க என்னத்தக் கண்டேன்? ஓட்டு இல்ல. ஒரு முழம் மண்ணு இல்ல.”

“நீ போவே. நான் எங்கய்யா போறது? எனக்குப் பிரஜாவுரிமை இருக்கு.”

“காகிதம்!”

“ஆமாய்யா, காகிதம். உனக்கு அதுவும் இல்லல்ல?”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சுப்பையா முகம் செத்துப்போயிற்று. அவருக்கும் இல்லை, க.வுக்கும் இல்லை. மனுப்போட்டுத் தள்ளுபடியானவர்கள். எனக்கு இருக்கிறது. அப்பா வருஷக்கணக்கில் ஆபீஸ் படியேறி வாங்கித் தந்தது. வாங்கி ஒரு மழைக்காலம்கூட இருக்கவில்லை அவர். கொய்யா மரத்துக்குக் கீழே குழியில் கிடக்கிறார்.

க. ஓட்டை வழியாகக் காம்பராச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 10, ஞாயிறு

வெயில்! சேலைகள் காய்ந்தன. கிராம்பு வைத்துப் பல் வலி கொஞ்சம் மட்டு.

ஒத்திகை மதியத்திலேயே. வசனம் பேசும்போதுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தண்ணீர் பங்கு போடும் காட்சியில் கிளாக்கர் தம்ளரை நீட்டினார், சுப்பையா தட்டிவிட்டார். அது நாடகத்தில் இல்லை. “தண்ணி காட்டுற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்” என்று கப்பலை ஓர் உதை. பலகை இரண்டு பெயர்ந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தொட்டில்களுக்கு நடுவே, ஈயத்தாள் தொப்பியோடு.

எனக்குப் பொறுக்கவில்லை. “மூணு பேர் போற கப்பல்ல மூணு கட்சி. நீங்க சந்திரனுக்குப் போய் என்னத்தக் கிழிக்கப் போறீங்க? முதல்ல என் காம்பராவ விட்டு எறங்குங்க!” என்று கத்தினேன். திகைத்துப்போய்க் கையை எடுத்தார்கள்.

க. தான் முடித்து வைத்தார். “எந்த ஊரும் வேணாம். பூமின்னு சொல்லிடுறேன்.”

“பூமியா?” என்றார் சுப்பையா. “அட்டன் ஸ்டேசன்ல போய், பூமிக்கு ஒரு டிக்கட் குடுங்கன்னு கேளேன், குடுக்கிறானான்னு பாப்போம்.”

கிளாக்கருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பூமி என்றே எழுதிக்கொண்டோம்.

ஜனவரி 12, செவ்வாய்

அண்ணன் பொங்கலுக்கு வரவில்லையாம். வலப்பனையிலிருந்து வந்த சந்தைக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அண்ணிக்குக் காய்ச்சலாம். போன வருஷமும் அண்ணிக்குக் காய்ச்சல்தான்.

வாங்க: வெல்லம், ஏலம், நூல். மாவு டின் ஞாபகப்படுத்த.

யாரும் பார்க்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். க. போவது எனக்குப் பிடிக்கவில்லை. அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் போய்விட்டால் இந்த மலையில் என்னை மரகதம் என்று கூப்பிட ஒரு வாய் இருக்காது. இதை அவரிடம் சொல்ல எனக்குத் துப்பில்லை. முறைகாரப் பெண்ணா நான், உரிமையோடு சொல்ல? ஊரார் பிள்ளையைத் தாலாட்டுகிறவள்.

அடுப்பு ஊதினேன். புகை. கண்ணில் தண்ணீர். புகைதான்.

ஜனவரி 14, வியாழன். பொங்கல்

நல்ல வெயில். பொங்கல் கிழக்கே வழிந்தது. ஒருத்திக்கு ஒரு பானை, பாதி மிச்சம்.

நாலு மணிக்குக் காம்பரா முற்றத்தில் நாடகம். துரை நாற்காலியில், அவர் பக்கத்தில் சின்னத்துரை. தரையில் முன்வரிசையில் க.வின் அம்மா, புதுச் சேலை. பின்னால் லயம் முழுதும். தொட்டிலில் மிதந்ததும் விசில் பறந்தது. ஒரு குழந்தை, “ம்மா, அது என் தொட்டி!” என்று அழுதது. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

ஊர்க் காட்சி. க. ஓட்டையில் கண்ணை வைத்தார். “அதோ, அந்தப் பச்சைப் பொட்டு. அதுதான் என் ஊர்.”

நின்றுவிட்டார். பூமி என்ற இரண்டெழுத்து மறந்துபோகுமா ஒருவருக்கு? திரைப் பக்கம் திரும்பினார். நான் தெரிய மாட்டேன். ஆனாலும் நான் நிற்கும் இடத்தையே பார்த்தார்.

பூமி என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக. வந்தது வேறு.

“மேக்கணக்கு!”

மெதுவாகச் சொல்வதாக நினைத்தேன். கத்தியிருக்கிறேன். க. வாய் திறக்குமுன் முன்வரிசை அத்தனையும் கேட்டுவிட்டது. துரைகூடத் திரையைப் பார்த்தார். அப்புறம் க., மெல்ல, “மேக்கணக்கு” என்றார்.

கைத்தட்டல், கூச்சல். பின்னால் ஒருவர் அழுதார். க.வின் அம்மா எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, நடுக்கூட்டத்தில் நடந்து வெளியே போனார்.

மீதியை எப்படி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 15, வெள்ளி

மூட்டம். மாவு டின் வந்தது, ஒன்று நசுங்கி.

காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட ஒவ்வொருத்தியும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள். “என்ன ஆயம்மா, தொண்டை சரியாயிருச்சா?” சுப்பையா லொறியிலிருந்தே கேட்டார்: “கிளாக்கர் என்ன வாங்கிக் குடுத்தாரு உங்களுக்கு?” கிளாக்கருக்கோ வாயெல்லாம் பல். நான் அவருக்காகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். மண்டு.

மதியம் க.வின் அம்மாவே வந்தார். வாசலில் நின்றார்.

“ஏண்டி, எம்புள்ள வாயில நீ எதுக்குப் பேரு வைக்கிற?”

ஏணையில் கிடந்த பிள்ளையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

“கல்யாணம் கட்டிக் கப்பலேறினப்போ எந்தம்பிக்கு நாலு வயசு. கரையில நின்னு அக்கான்னு கத்துனான். இப்ப அவன் மூஞ்சி மறந்துபோச்சுடி. கண்ண மூடுனா வரமாட்டேங்குது. அதத் திரும்பப் பாக்கத்தான் போறேன். உங்க மேக்கணக்க நான் ஒண்ணும் திட்டல.”

உட்காருங்கள் என்றேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று கேள்வி, அதனால் பொங்கல் மிச்சத்தையும் சூடாக்கி வைத்தேன். அதையும் சாப்பிட்டார். போகும்போது, “ஏலம் தூக்கலாப் போட்டிருக்க” என்றார்.

அவரை வெறுக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

ஜனவரி 17, ஞாயிறு

விடிய நல்ல குளிர், பிறகு வெயில். துவைத்தேன். நாடகச் சாமான்களைப் பிரித்துப் பெட்டிப் பலகைகளைப் பேக்டரிக்கு அனுப்பியாயிற்று. கிளாக்கரும் சுப்பையாவும் தனித்தனியாக வந்து தனித்தனியாகத் தூக்கிப் போனார்கள்.

பத்து மணி போல க. வந்தார். வெள்ளைச் சட்டை. நாளைக் காலை பஸ்ஸில் கண்டிக்குப் போகிறாராம், பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க. சொல்லிவிட்டுப் போகவில்லை, நின்றார். நான் சேலையைப் பிழிந்தேன். ஏற்கெனவே பிழிந்த சேலை.

“அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க, மரகதம்?”

“வாயில வந்திருச்சு.”

“சும்மாவா வந்துச்சு?”

இல்லை என்றேன். நீங்கள் போகக் கூடாது என்றுதான் வந்தது என்றேன். சொல்லிவிட்டேன். கொடியிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அம்மாவத் தனியா அனுப்ப முடியாதுங்க.”

“தெரியும். அனுப்பாதீங்க.”

“மறந்துபோயி நிக்கல நான் அன்னிக்கு. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் நின்னேன்.”

அவர் கொடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்களும் வந்திருங்களேன். கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிருவோம்.”

பெட்டியில் இருக்கிற காகிதம் ஞாபகம் வந்தது. கொய்யா மரம். நாளைக் காலையில் ‘ம்மா’ என்று கையை நீட்டப் போகிற அத்தனையும். வருகிறேன் என்று சொல்ல ஆசை. பயம் அதைவிடப் பெரிது.

“அங்க எனக்கு ஒரு ஆளையும் தெரியாதே” என்றேன்.

“எனக்கு மட்டும் தெரியுமா, மரகதம்?” என்றார்.