பபூன் கேட்கும் ஏச்சு

தாராவி, 1946

அம்மாவுக்கு மாசானம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே நம் சனம் நடத்திய கோயில் கொடை நாடகத்தில் பபூன் வேஷக்காரருக்குக் காய்ச்சல். என்னை மேடையேற்றிவிட்டார்கள். எனக்குப் பாட்டு வராது. அதனால் நீ என்னை எழுப்புகிற மாதிரி ஏசினேன். "ஏல மூதி, சூரியன் மூஞ்சில வந்து உக்காந்துட்டான், இன்னும் என்னல ஒறக்கம்?" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என்னோடு தங்கியிருக்கும் ஞானதுரை மட்டும், "எங்கம்மையும் இப்பிடித்தாம்ல ஏசுவா" என்று கண்ணைத் துடைத்தான்.

இனி எல்லா நாடகத்துக்கும் நான்தான் பபூனாம். தோல் கிடங்கு வேலையை விடவில்லை, பயப்படாதே.

உன் கடிதங்களில் "அன்பு மகனே, நலமா" என்றுதான் இருக்கிறது. உனக்காக அதை எழுதி, இதைப் படித்துக்காட்டும் வாத்தியார் ஐயா கோபிக்கக் கூடாது. நீ ஏசுவதை ஏசுகிறபடியே அவரை எழுதச் சொல். எனக்கு நினைவிருந்த ஏச்செல்லாம் தீர்ந்துவிட்டது.

மேடைக்குத்தான் கேட்கிறேன்.

வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதிவிட்டது, கிளம்புகிறேன்.

மாசானம்