விளக்கு வைத்த பிறகு கேட்ட கேள்வி

என் அன்புக்குரிய உங்களுக்கு,

பெயர் எழுத வராது. உயிரோடு இருந்தபோதே சொல்லாதவள், இப்போது மட்டும் எழுதிவிடுவேனா?

வாசலில் வண்டி பூட்டி நிற்கிறது. இன்று புதுச்சேரியில் கூட்டம். பிள்ளைகளின் காய்ச்சலுக்கு மருந்துச் சாலையைக் கரிக்கலாம்பாக்கத்தில் வைப்பதா, மடுகரையில் வைப்பதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். எத்தனை பிள்ளைகள் செத்தன என்று நாம் இரண்டு பேரும் வீடு வீடாகக் கேட்டு வந்த பதில்களை வைத்துத்தான் அந்த முடிவு. அந்தப் பதில்களில் பாதி தப்பு என்று சொல்ல நான் போகிறேன். கோபப்படாமல் முழுதும் கேளுங்கள்.

கேட்கக் கற்றுக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கொடுக்கக் கூடாது என்றார், நம்மை இந்த வேலைக்கு அனுப்பிய டாக்டர். "பிள்ளை யாரும் சாகலையே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும், "தலைச்சன் எப்போ பொறந்தது, அதுக்கப்புறம்?" என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும் என்றார். அவர்கள் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்ததைக் கேட்காமல் பொறுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். வீட்டில் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடாத மனுஷர், வெளியே போய் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கரிக்கலாம்பாக்கத்துக்குப் பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் காலையில் போனோம். மடுகரையில் பகலெல்லாம் கரும்பு வெட்டில் இருப்பார்கள் என்று பொழுது சாயத்தான் போனோம். விளக்கு வைத்த வீட்டில் நின்று சாவைக் கேட்கலாமா என்று வண்டியிலேயே கேட்டேன். "காய்ச்சலுக்கு வெள்ளி செவ்வாய் தெரியுமாடி?" என்று சிரித்தீர்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஆயிற்றே, நான் வாயை மூடிக்கொண்டேன்.

மடுகரையில் அநேகமாக எல்லோரும் சௌக்கியம் என்றார்கள். நீங்களும் அப்படியே எழுதினீர்கள். பிறகு அந்தக் காய்ச்சல் உங்களையே கொண்டுபோய்விட்டது.

உங்கள் கருமாதி முடிந்த வாரம் மடுகரையிலிருந்து அஞ்சலை துக்கம் கேட்க வந்தாள். கடைசி வீட்டுக்காரி. நமக்கு மோர் கொடுத்தாளே, அவள்தான். என் கையைப் பிடித்து அழுதவள், "ரெண்டு புள்ளைய வாரிக் குடுத்தவம்மா நானு, எனக்குத் தெரியாதா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு நம்மிடம் ஒரு பிள்ளைதான் பெற்றேன், அது நன்றாக இருக்கிறது என்றவள் அவள்.

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"இன்னாமா கேக்கற நீ? வெளக்கு ஏத்திட்டு, மகாலட்சுமி வர்ற நேரத்துல செத்த கதைய எவ சொல்லுவா? இருக்கற ஒண்ணுக்கு இன்னா ஆவறது?"

அவள் போனதும் பதில் எழுதிய தாள்களைப் பிரித்தேன். ஊர்வாரியாக நீங்கள் கட்டி வைத்ததைக் கலைத்தேன். விளக்கு வைப்பதற்கு முன் கேட்டது ஒரு பக்கம், பின் கேட்டது இன்னொரு பக்கம் என்று அடுக்கினேன். கரும்பாலை ஓடாமல் வெட்டு நின்றிருந்த ஒரு நாள் மடுகரைக்கு மத்தியானமே போயிருந்தோம் இல்லையா? அன்றைக்குக் கேட்ட வீடுகளில் மட்டும் கரிக்கலாம்பாக்கம் மாதிரியே சாவு இருந்தது. வித்தியாசம் ஊரில் இல்லை, நாம் போன நேரத்தில் இருந்தது.

உங்கள் அண்ணனிடம் சொன்னேன். "செத்தவன் பேரைக் கெடுக்கவா ஒனக்குத் தாலி கட்டுனான்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லையா? கடைசியாக நீங்கள் செய்த வேலை அது. தாள் தாளாக உங்கள் கையெழுத்து.

மடுகரைக்குத் திரும்பப் போய்க் கேட்காமல் டாக்டர் முன்னால் நிற்க முடியாது. கேட்பதென்றால் அவர்கள் வெட்டுக்குப் போகும் முன், காலையில்தான் கேட்க வேண்டும். காலையில் யார் வீட்டு வாசலிலாவது நான் போய் நிற்கலாமா? விளக்கு நேரத்தில் கேட்கலாமா என்று உங்களிடம் சொன்ன எனக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் போனேன். முதல் வீட்டில், "காலங்காத்தால தாலியறுத்தவ வந்து நிக்கிறா பாரு" என்று கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் தண்ணீரை என் காலடியில் ஊற்றினார்கள். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அஞ்சலை ஓடிவந்து என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துப் போனாள். "பெத்து வாரிக் குடுத்தவளுங்கள நான் கூட்டியாறேன், நீ குந்து" என்றாள். பின்கட்டு வழியாக ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நான் கேட்கக்கூட இல்லை, பொறுத்திருந்தேன். தலைச்சன், அடுத்தது, அதற்கடுத்தது என்று அவர்களே சொன்னார்கள். எழுத எழுதத் தாள் நனைந்தது.

டாக்டர் எல்லாவற்றையும் படித்தார். "உங்க வீட்டுக்காரர் எழுதினது தப்புன்னு நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லணும். சொல்வீங்களா?" என்றார். தாள்களை ஒன்றொன்றாக அடுக்கிக் கட்டினேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. வருகிறேன் என்றேன்.

நான் சொல்வதைக் கேட்டு அங்கே யாராவது உங்களைக் கேலி செய்தால் தாங்குவேனா? தெரியவில்லை. அஞ்சலைக்கு மிச்சம் இருக்கும் ஒரு பிள்ளைக்கு நேற்றிலிருந்து உடம்பு கொதிக்கிறது. அது மட்டும் தெரியும்.

ஒன்று சொல்லவே இல்லை. நேற்று விளக்கு வைத்த நேரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, "வாத்தியார் இருக்காரா?" என்று கேட்டார். "வெளியே போயிருக்கார்" என்றேன். ஏன் சொல்லல என்று அஞ்சலையை நான் கேட்ட கேள்விக்கு என் வாயிலேயே பதில் இருந்தது. இந்தக் கடிதத்தை நேற்று இரவே தொடங்கினேன். எழுத முடியவில்லை. விடியட்டும் என்று வைத்துவிட்டேன்.

உங்கள் தாள் ஒன்றையும் கிழிக்க மாட்டேன். உங்கள் கையெழுத்துக்குக் கீழே, கேட்ட நேரத்தையும் என் பெயரையும் எழுதித்தான் கொடுப்பேன். இது சத்தியம். கூட்டம் முடிந்ததும் மடுகரைக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்க வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்போது யார் வந்து கேட்டாலும், நீங்கள் வெளியே போயிருப்பதாகத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் விளக்கு வைக்கிறவள்,
உங்கள் மனைவி