மலையில் அண்ணே என்று கூப்பிடாதது

பத்து பெரண்டாம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் நளினிக்கு சித்தப்பா தம்புசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் உன் அம்மாவும் அந்த முருகன் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினம் கும்பிடுகிறேன். போனில் பேசாமல் இந்தக் காலத்தில் ஏன் காகிதம் என்று நீ கேட்பாய். போனைக் கையில் எடுத்தால் என் வாய் தானாக ஓடுதுலா, காகிதம் என்றால் அடித்துத் திருத்தலாம். எழுதி முடித்ததும் என் மகள் ஷாந்தினி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான், பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே. பிள்ளை படத்தை பசாரில் காய்கறி விற்கிற சீனக் கிழவிவரை காட்டிவிட்டேன், பிறக்கும்போதே நாலரைக் கிலோ என்று சொல்லி வைத்திருக்கிறேன், மூன்று கிலோ இருநூறு என்றால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உன் அம்மா ஜெயமணி அண்ணி சாப்பிடுகிறார், கொஞ்சம் கொஞ்சமாக. அண்ணன் போட்டிருந்த ரப்பர் சப்பாத்து இன்னும் வாசலில்தான் இருக்கிறது, மலைச் சேறு காய்ந்து போய் அப்படியே. சித்தி கழுவப் போனாள், அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார், அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. அண்ணன் காடியை நான்தான் தினம் காலையில் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன், அதன் இஞ்சின் என் கைக்கு மட்டும்தான் அடங்கும், மெக்கானிக்கே அசந்துபோய்விட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பேர் வைக்கிறாய், கதிரேசு என்று தொட்டிலில் மாட்ட எழுத்துகூட வெட்டக் கொடுத்திருக்கிறாய் என்று ஷாந்தினி சொன்னாள். மாப்பிள்ளையும் நீயும் யுவனேஸ்வரன் என்று முன்னமே தேடி வைத்திருந்தீர்கள், அப்பாவின் கடைசி ஆசைக்காக அதை விட்டுவிட்டாய் என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். கருமாதி அன்று நீ வயிற்றுப் பிள்ளையோடு விமானம் ஏற முடியாமல் போனில் அழுதாய், அப்பா கடைசியாக என்ன சொன்னார் சித்தப்பா, என்னைக் கேட்டாரா என்று. வீடு நிறைய ஆள் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் என் மடியில் தலைவைத்து, ஆண் பிள்ளை என்றால் நம்ம அப்பா பேர் கதிரேசு வைக்கச் சொல்லு என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடியே கண்ணை மூடினார் என்றேன். எல்லாரும் அழுதார்கள், நீயும் அழுதாய். மகளே, அது நான் கட்டினது. அண்ணன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நடந்ததை இப்போது அலங்காரம் இல்லாமல் எழுதுகிறேன். அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான்தான் ரெம்பாவ் பக்கம் இருக்கிற டத்தோ மலைக்கு ஏற்பாடு செய்தேன், சனிக்கிழமை ஏறி மேலே கூடாரம் போட்டுத் தங்கி ஞாயிறு இறங்குவது. கிளேபாங்கில் கடை வைத்திருக்கிற விமலன், தோட்ட ஆபீசில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற காண்டீபன் சார், அண்ணன், நான், நாலு பேர். அண்ணன் முதலில் வேண்டாம் என்றார், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது தம்பி என்றார். நான்தான் கிண்டல் பண்ணினேன், பேரனைத் தூக்கவும் ஆள் வைக்கப்போறியா அண்ணே என்று. அந்தப் பேச்சுக்காகத்தான் அவர் வந்தார். நான் அந்த மலையை இருபது முறை ஏறியிருக்கிறேன் என்று சொல்வேனே, இரண்டு முறைதான், அதிலும் ஒரு முறை பாதியில் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ரொம்ப சந்தோஷமாக இருந்தார், அது மட்டும் சத்தியம். மேகி அவித்துச் சாப்பிட்டுக்கொண்டே நீங்கள் தேடின பேரைச் சொல்லிப் பார்த்தார், இரண்டு தரம் நாக்கு இடறியது, இவ்வளவு நீளப் பேரா, நான் யுவான்னு கூப்பிட்டுக்கிறேன்பா என்றார். விமலன், பொம்பளைப் பிள்ளையாகப் பொறந்தா என்னண்ணே பண்ணுவீங்க என்று கேட்டதற்கு, அப்பவும் யுவாதான் என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பேரைப் பற்றி அவர் பேசினது அவ்வளவுதான்.

ஞாயிறு காலையில் இறங்கும்போது அண்ணன் பின்னால் தங்கினார், நீங்க போங்க, நான் மெதுவா வரேன் என்றார். நான் யார் முதலில் அடிவாரம் சேர்வது என்று பந்தயம் பேசி மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு பெரிய மரத்தடியில் நின்று பார்த்தால் அவரைக் காணோம். திரும்பி ஏறினோம். காண்டீபன் சார் அண்ணன் பேரைச் சொல்லி நல்லமுத்து என்று கத்த வாயைத் திறந்தார், நான் அவர் வாயைப் பொத்தினேன். புலாவ் செபாங் தோட்டத்தில் இருந்தபோது எங்கள் அப்பா எங்கள் இருவருக்கும் சொல்லிவைத்தது, காட்டுக்குள்ளே பேர் சொல்லியும் முறை சொல்லியும் கூப்பிடாதே, அங்கே கேட்டுக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று அந்தப் பேரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வெறும் ஓய், ஓய் என்றுதான் கத்தினோம். முக்கால் மணி நேரம் கத்தினோம், பதில் இல்லை. விமலன்தான் பார்த்தான், பாதையை விட்டு இருபது அடி தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது, நினைவும் இருந்தது.

எங்கள் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது, மகளே. எங்கள் அப்பா இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், ஆள் தெரியாமல் காட்டில் ஒரு குரல் கூப்பிட்டால் பதில் கொடுக்காதே என்று. மலை எதிரொலியில் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்பா சொன்னதில் என் பங்குக்கு நான் ஒன்றைக் காப்பாற்றினேன், அவர் பங்குக்கு அவர் ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து அவர் சொன்னது இதுதான், ஒரு தடவை அண்ணேன்னு கூப்பிட்டிருக்கலாமேடா, நீதான்னு தெரிஞ்சிருக்குமே. கோபமாகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் பேச்சு வரவில்லை. நான் தனியாளாக இரண்டு மணி நேரம் தூக்கி வந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், ஐம்பது அடி தூக்கினதுமே என் முட்டி மடங்கிவிட்டது, தீயணைப்பு போம்பாக்காரர்கள் வந்துதான் தூக்கினார்கள். அடிவாரம் வருவதற்குள் முடிந்துவிட்டது. முக்கால் மணி முன்னாடி பார்த்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று காண்டீபன் சார் ஆறுதல் சொல்கிறார். எனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணி, நளினிகிட்டேயும் சொல்லிடுங்க என்றார்.

அதனால் நீங்கள் ஆசைப்பட்ட பேரையே வையுங்கள், உன் அப்பா வாயால் சொல்லிப் பார்த்த பேர் அதுதான். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், பச்சை உடம்பு, அழுது பால் வற்ற விடாதே. வெந்நீரிலேயே குளி, தலையை நன்றாகத் துவட்டு, பூண்டுக் குழம்பை மாப்பிள்ளை வைத்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடு. பிள்ளை நூறு வயது இருக்கணும், அவன் எங்கிருந்து கூப்பிட்டாலும் ஓடி வருவதற்கு நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கணும். ஒன்று மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை காதில் மூன்று தரம் பேர் சொல்லும்போது இங்கே எங்களையும் போனில் வை. போனை அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் தம்பி,
கதிரேசு மகன் தம்புசாமி